கல்லாத்தாவும் கடலுக்குள் போன மூன்று தூண்களும்

திருவொற்றியூர்க் கடற்கரையில் நின்ற நாலுகால் கல் மண்டபத்தின் மூன்று தூண்களைப் பெயர்த்து, அலைத்தடுப்புப் பாறைகளோடு கடலில் தள்ளிவிட்டார்கள். சாலையை அகலப்படுத்த வந்த குத்தகைதாரர் செய்த வேலை. கேட்கப் போனால், "பழைய கல்தானே பெரியவரே" என்கிறார். சென்னை என்ற பெயர் வருவதற்கு முன்பே கல்லில் கோயில் எழுப்பிய ஊர் இது.

மிஞ்சிய தூணில் கல்வெட்டு இருப்பதாகக் கேள்விப்பட்டு, மாசிமகம் முடிந்த வெள்ளிக்கிழமை காலை போனேன். விம்கோ நகர் மெட்ரோவிலிருந்து ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். மீன்கூடைக்கும் இடம் விட்டு உட்காருங்கள்.

தூணின் அடியில் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை, மேலே மறுபடி சதுரம். சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லை நிறுத்திய வேலை. எழுத்து கீழ்ச் சதுரத்தில் இருக்க வேண்டும். ஆனால் தூண் முழுக்க மஞ்சள். அதன்மேல் சிவப்புப் புடவை. எனக்குக் கோபம் தலைக்கேறியது.

"எழுத்த இப்படி மூடி வெச்சா யாரும்மா படிக்கிறது?" என்று பக்கத்தில் மீன் விற்ற அம்மாவைக் கேட்டேன்.

"இன்னா நைனா, சவுண்டு வுடுற? மூணு தூணு பூட்ச்சு. இதாண்ட மிசின் வந்துகினு கீது. ஓடியாந்து மஞ்சாவப் பூசி, என் பொடவையச் சுத்திட்டேன். ஆத்தா கீறா, தொடாதன்னேன். மிசின்காரன் கீய எறங்கி செருப்பக் கயட்டிட்டான்!"

"ஆத்தா பேரு?"

"கல்லாத்தா. வாய்ல வந்ததச் சொன்னேன். இப்ப கடலுக்குப் போற அத்தினி பேரும் கும்புட்டுதான் போட்டத் தள்றான். பொய்னு நானே சொன்னாலும் நம்ப மாட்டாங்கோ. குந்து, வெள்ளிக்கெயம காலீல ஆத்தாவுக்குத் தண்ணி ஊத்துற நேரந்தான்."

தூணில் சுற்றிய புடவையை அவிழ்த்து, நீர் ஊற்றி, துணியால் துடைத்தார். கல் கறுப்பாகத் தெளிந்தது. பள்ளங்களில் மஞ்சள் தங்கி, எழுத்துகள் வரிவரியாக எழுந்து நின்றன. வேறு கல்வெட்டுகளில் சுண்ணாம்புப் பொடி தூவியும் நான் இவ்வளவு தெளிவாகப் படித்ததில்லை.

கோயில் விளக்கு அணையாமல் எரிய ஆடுகள் கொடுத்திருக்கிறாள் ஒரு பெண். அவள் பெயர் இருந்த இடம் மட்டும் சிதைந்துவிட்டது. சொன்னேன்.

அந்த அம்மா ஈரக்கையால் அந்த இடத்தைத் தடவினார். "பேரு இல்லியா? அதான் நான் வெச்சுட்டனே."

மூன்று தூண்களையும் குத்தகைதாரர் தன் செலவில் மேலேற்றித் தர வேண்டும். சாலை போடுகிறவர்கள் பாதையை வளைக்க வேண்டும். தொல்லியல் துறையினர் வந்து கல்வெட்டைப் படியெடுக்க வேண்டும். தூணைக் காட்சியகத்துக்குத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. நீங்கள் வெள்ளிக்கிழமை காலையில் போக வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு, அந்த அம்மாவிடம் கொஞ்சம் மஞ்சளும் கல்லாத்தா விளக்குக்கு எண்ணெயும் கொடுக்க வேண்டும்.