கிரைண்டர் போட்ட பட்டறைக்கல்

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில் நடந்தது. அப்போது நான் ராஜபாளையத்தில் ஒரு மில் ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். இரும்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்ற நினைப்பு உண்டு.

எங்கள் தெருவில் கொல்லுப்பட்டறை வைத்திருந்தவர் காலமான பிறகு, அவர் மனைவி கூமாப்பட்டியில் மகள் வீட்டோடு போய்விட முடிவு செய்தார். நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். பட்டறையில் மிஞ்சியிருந்தது, இரும்பைக் காய்ச்சி வைத்து அடிக்கிற பட்டறைக்கல் ஒன்றுதான். பேருக்குத்தான் கல், இரண்டு ஆள் தூக்க வேண்டிய இரும்பு. கல்யாணமான புதிதில் அக்காவின் கம்மலை விற்று அதை ரயில்வே ஏலத்தில் எடுத்தாராம் அவர். அசல் சீமைக் கல், இந்த ஜில்லாவிலேயே இப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம். அக்கா நம்பவில்லை. அந்தக் கம்மலுக்காக ஆயுசு முழுக்கச் சண்டை.

"விக்கிறது கெடக்கட்டும் தம்பி. அவிய சொன்னது நெசமா, அது எனக்குத் தெரியணும்" என்றார்.

பழைய இரும்புச் சாமான்களைத் தேடி வாங்குகிற ஒருவரை மதுரையில் விசாரித்துப் பிடித்தேன். ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்ப்பதாகச் சொன்னார். கல்லின் மேல் வருஷாவருஷம் ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும், போதாததற்குப் பச்சை பெயின்ட்டும் அப்பிக் கிடந்தன. பார்ட்டி வரும்போது பளபளவென்று இருந்தால்தானே விலை கிடைக்கும்? சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரும்பைத் தேய்க்கிற கிரைண்டரைக் கொண்டுவந்து நாலு பக்கமும் வழித்தெடுத்தேன். ஒரு பக்கத்தில் மேடும் பள்ளமுமாக ஏதோ தட்டுப்பட்டது. துருதானே என்று அதையும் மட்டமாக்கினேன். புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று அக்காவுக்கு ஒரே சந்தோஷம்.

மறுநாள் வந்தவர், சட்டைப்பையிலிருந்து ஒரு பேரிங் குண்டை எடுத்துக் கல்லின் மேல் விழவிட்டார். விட்ட உயரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவாக எம்பியது; அசல் எஃகில்தான் குண்டு அப்படி எம்பும். அவர் முகம் மலர்ந்துவிட்டது. ஆசையாகப் பக்கவாட்டைத் தடவிப் பார்த்தவர், சட்டென்று கையை எடுத்தார். அக்கா அப்போது காபி போட உள்ளே போயிருந்தார்.

"இதுல கம்பெனிப் பேரும் எடை நம்பரும் இருந்திருக்கும். அதுக்குத்தான் சார் காசே. யாரு கிரைண்டர் போட்டது?"

நான் முழித்த முழியிலேயே அவருக்குப் புரிந்திருக்கும். கல் உசத்திதான், ஆனால் பேர் இல்லாமல் அதை யாரிடமும் நிரூபிக்க முடியாது, பழைய இரும்பு விலைதான் தர முடியும் என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

காபியோடு வந்த அக்கா அவரைக் கேட்கவில்லை. என்ன சொல்லுதாரு என்று என்னைத்தான் கேட்டார்.

"கல்லு மட்டம்க்கா. சீமைக் கல்லெல்லாம் இல்ல" என்று சொல்லிவிட்டேன். வந்தவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். காபியைத் தொடவில்லை.

அக்கா அழவில்லை. "ஏமாந்துட்டு வந்து, சாவுற வரைக்கும் எங்கிட்ட பொய் சொல்லிருக்காவ" என்றார்.

போன ஆடிப்பூரத் தேரன்று அக்காவைப் பார்த்தேன். தாத்தா ஏமாந்து வாங்கிய கல்லை விற்றுக் கொடுத்த மாமா இவர்தான் என்று பக்கத்தில் நின்ற பேத்தியிடம் சிரித்தபடி சொன்னார். வெட்கங்கெட்டு நானும் சேர்ந்து சிரித்தேன். உயிரோடிருக்கிற யார் மேல் பழியைப் போட்டிருந்தாலும் சட்டையைப் பிடித்துக் கேட்டிருப்பார்கள். செத்துப்போனவர் வந்து கேட்கமாட்டார் என்ற தைரியத்தில்தான் அன்றைக்கு அவ்வளவு சுலபமாகப் பொய் சொன்னேன் என்பதை நினைத்தால், இன்றைக்கும் எனக்கே என்னைப் பிடிப்பதில்லை.