வலப்பக்கத்தில் ஒரு முழம்

நாற்றங்காலுக்குத் தண்ணீர் பாயும் மடையை அடைத்துவிட்டு வரும்படி அப்பா என்னிடம் சொல்லியிருந்தார். நான் ஐந்தாவது படித்துக்கொண்டிருந்தேன். வழியில் வாய்க்காலில் பையன்கள் துண்டை விரித்துக் கெண்டைக்குஞ்சு பிடித்துக்கொண்டிருந்தார்கள். நானும் இறங்கிவிட்டேன். மடை நினைவுக்கே வரவில்லை. காலையில் போய்ப் பார்த்தால் முளைவிட்ட விதையெல்லாம் முழங்கால் தண்ணீருக்குள் கிடந்தது. வரப்பை வெட்டித் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்த அப்பா, மண்வெட்டியோடு சேற்றில் சாய்ந்தார்.

மடையை அடைக்காதது நான்தான் என்று யாருக்கும் தெரியாது. அப்பாவுக்குத் தெரியும்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வந்தபோது அவருக்கு இடது கையும் காலும் கொஞ்சம் துவண்டிருந்தன. பேச்சு மட்டும் பழையபடி கணீரென்று இருந்தது. பேச்சு தெளிவாக இருந்ததால் மற்றதும் தெளிவாகத்தான் இருக்கும் என்று வீட்டில் எல்லோரும் நம்பினோம். அதனால் அவர் என்ன செய்தாலும் வேண்டுமென்றே செய்வதாகப் பட்டது.

கூடத்து மூலையில் பாய் விரித்து, தலையணைகளில் சாய்த்து உட்கார வைத்திருந்தோம். எதிரே நெல் கொட்டும் பத்தாயம். வலப்பக்கம் சுவர், சுவருக்கும் அவருக்கும் நடுவே தண்ணீர்ச் செம்பு வைக்க ஒரு முழம் இடம். வருகிறவர்கள் எல்லாம் இடப்பக்கமாகத்தான் வரவேண்டும். அவர் வீட்டுக்கு வந்த முதல் நாள் நான் அந்த இடப்பக்கம் நின்று "அப்பா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

அதற்குமேல் கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அதே இடத்தில் போய் நிற்பேன். அவர் செம்பைப் பார்ப்பார், சுவரைப் பார்ப்பார். என்னைப் பார்க்க மாட்டார்.

அம்மாவோடும் இப்படித்தான். இலையில் பாதியைத் தொடாமல் வைத்துவிட்டு, கறி வைக்கவில்லையா என்று கேட்பார். கறி இலையின் இடது ஓரத்தில் ஆறிப்போய்க் கிடக்கும். அம்மா இலையை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவாள். திரும்பி வர நேரமாகும்.

அப்பாவைப் பார்க்க அத்தை, அவருடைய அக்கா, நன்னிலத்திலிருந்து வந்திருந்த அன்று என்னை இலை போடச் சொன்னார்கள். அவசரத்தில் நுனியை வலப்பக்கம் வைத்துப் போட்டுவிட்டேன். அம்மாவும் கவனிக்காமல், வழக்கம்போல் உருளைக்கிழங்கு வறுவலை இடப்பக்கமாக வைத்துவிட்டாள். அத்தைதான் கண்டுபிடித்தாள்.

"நுனி இடக்கைப் பக்கம்ல வரணும்? திருப்புடா. ஒங்கம்மாவுக்குத்தான் தெரியல, ஒனக்குமா?"

செம்பை நகர்த்திவிட்டு, சுவர் ஓரமாக அந்த ஒரு முழத்துக்குள் நுழைந்து உட்கார்ந்தேன். இலையை இரண்டு கையாலும் பிடித்து மெதுவாகத் திருப்பினேன். இடப்பக்கம் இருந்த வறுவல் வலப்பக்கம் வந்து சேர்ந்தது.

"இப்பத்தான் வைக்கத் தோணுச்சாக்கும்," என்றார் அப்பா. அம்மா குனிந்துகொண்டாள். அப்புறம் அப்பா நிமிர்ந்து என்னைப் பார்த்தார். வெளியூரிலிருந்து வந்தவனைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"எங்கடா போயிருந்த இத்தன நாளா?"

"இங்கதாம்ப்பா இருந்தேன்."

"பொய் சொல்லாத. ஒன்ன நான் கண்ணாலயே பாக்கலயே."

ஒரு துண்டு வறுவலை எடுத்து என் வாயில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. மடையை மன்னித்துவிட்டார் என்று நினைத்தேன்.

இத்தனை காலம் கழித்து, போன வருஷம் என் மைத்துனருக்கு இதே மாதிரி பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா ஒரு தாள் நிறையச் சின்னச் சின்னக் கோடுகள் போட்டு, எல்லாவற்றையும் குறுக்கே அடிக்கச் சொன்னார். மைத்துனர் வலப்பக்கத்துக் கோடுகளை மட்டும் அடித்துவிட்டு, முடிந்தது என்று பேனாவை மூடினார்.

"கண்ணு நல்லாத்தாங்க இருக்கு. மூளைதான் அந்தப் பக்கத்த கவனிக்க மாட்டேங்குது. இடப்பக்கம்னு ஒண்ணு விட்டுப்போச்சுங்கிறதே இவருக்குத் தெரியாது," என்றார் டாக்டரம்மா.

நான் எழுந்து மைத்துனருக்கு வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்தேன்.

அப்பாவின் இலையைத் திருப்பிய அன்றைக்குப் பிறகு நான் சுவர் ஓரத்தை விட்டு நகர்ந்ததில்லை. அந்த வருஷத்தோடு படிப்பும் நின்றுவிட்டதால் நாள் முழுக்க அங்கேயே இருக்க முடிந்தது. அப்பா என்னோடு பேசினார், சிரித்தார். அம்மா மட்டும் இடப்பக்கமாகவே வந்து, பரிமாறிவிட்டு, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுப் போவாள். அவள்மேல் அப்பாவுக்கு இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். அம்மா என்ன தப்புச் செய்திருப்பாள் என்றும் யோசித்துப் பார்ப்பேன். நகர்ந்து அவளுக்குக் கொஞ்சம் இடம் விடலாம் என்று ஒரு நாளும் தோன்றவில்லை.