இடது கைக்கு வெறும் எண்ணெய்

என் கையெழுத்து கோழி கிளறினாற்போல் இருக்கும். நாலாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் இருக்கும். போதாததற்கு இன்று விரல்களில் எண்ணெய் வேறு. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் எதிரில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. அதற்குள் இருப்பவை பூவிதைகள், ஆனால் பார்த்தால் யாரும் விதை என்று சொல்லமாட்டார்கள். சுருண்டு, காய்ந்து, முதுகில் முள் முள்ளாக, செத்த புழுக்களைப் போலவே இருக்கும். இப்படி ஒரு தீப்பெட்டியை முதலில் என் கையில் கொடுத்தவர், எங்கள் ஊர் மிஷன் வைத்தியசாலையில் அப்போது இருந்த நர்சம்மா.

தளி போகும் பாதையில் உள்ள பட்டு நூல் எடுக்கும் கொட்டகை ஒன்றில் நான் அடுப்பு எரிக்கிறேன். அக்கா அங்கே தொட்டி முன்னால் உட்கார்ந்து நூல் எடுப்பவள். கொதிக்கிற தண்ணீரில் பட்டுக்கூடுகள் மிதக்கும். அவற்றின் இழைகளை விரலால் தேடிப் பிடித்து, ஒன்றாகச் சேர்த்து ராட்டையில் ஏற்றவேண்டும். நாளெல்லாம் ஊறிய விரல்கள் பனிக்காலத்தில் வெடித்துவிடும். வெடிப்பில் இழை மாட்டினால் அறுந்துபோகும், ரத்தம் பட்டால் நூலே வீண். மாமா இறந்தபின் இரண்டு பிள்ளைகளோடு என் வீட்டுக்கு வந்தவள் அக்கா. என்னிடம் கைநீட்டி நிற்காமல் இருக்க அவளுக்கு இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

வெடிப்பு என்றால் நம் வீடுகளில் முதலில் எடுப்பது மஞ்சள். எங்கள் கொட்டகையில் அது மட்டும் ஆகாது. வெந்நீரில் மஞ்சள் கலந்தால் பட்டு அதைக் குடித்துவிடும். எங்கள் நூலே வெளிர் மஞ்சள்தான் என்றாலும் கறை திட்டுத்திட்டாகத் தனியே தெரியும். முதலாளி வீட்டில் கன்னடம் பேசுகிறவர். மஞ்சளை அவர் அரிசினம் என்பார். “அரிசினம் பூசின கை தொட்டியில வைக்காதேம்மா” என்று பெண்களிடம் தினமும் சொல்வார். அந்த மார்கழியில் அக்காவின் இழை அடிக்கடி அறுந்தது. அடுத்த சந்தை நாளுக்குள் விரல் ஆறாவிட்டால் ஜவளகிரியிலிருந்து வேறொரு பெண்ணை அந்த இடத்தில் உட்காரவைக்கப் போவதாக அவர் சொல்லிவிட்டார்.

நான் வைத்தியசாலைக்குப் போனேன். வரிசை முழுக்கப் பெண்கள். நிற்கக் கூச்சப்பட்டு, பக்கத்திலிருந்த பாத்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஆரஞ்சு நிறத்தில் பூக்கள். செண்டுமல்லி என்றுதான் நினைத்தேன். எல்லோரும் போனபின் நர்சம்மா வெளியே வந்து, “பூவைப் பாக்க வந்தீங்களா, மருந்துக்கு வந்தீங்களா?” என்று கேட்டார். நான் பூவைக் கைகாட்டினேன். அவரே ஒரு இலையைக் கிள்ளி என் விரலில் தேய்த்தார். செண்டுமல்லி இலை சீப்புப் பல்போல் பிளந்திருக்கும். இது நாக்குப்போல் முழுசாக, பிசுபிசுவென்று இருந்தது. வாசனையும் வேறு. காலெண்டுலா என்று பேர் சொன்னார். வெள்ளைக்கார துரை இருந்த பங்களாத் தோட்டத்திலிருந்து வந்த விதையாம்.

அதன்பின் எனக்குக் கூச்சம் மறந்துபோனது, அக்காவின் விரல்களைப் பற்றிச் சொன்னேன். பனி காய்ந்தபின் பூவைப் பறித்து, இதழை நிழலில் நன்றாக உலர்த்தி, நல்லெண்ணெயில் ஊறவிட்டு, கொதிக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்துச் சூடாக்கி, வடிகட்டித் தேன்மெழுகு சேர்க்க வேண்டும் என்று காட்டினார். வெடிப்பு, சிராய்ப்பு, சின்னச் சூட்டுக்காயம், குழந்தைகளின் தொடை இடுக்கில் சிவத்தல் இதற்கெல்லாம் போடலாம், சீழ் வைத்த புண்ணுக்கும் ஆழமான வெட்டுக்கும் கூடாது, அப்படியானால் நேரே இங்கே வந்துவிட வேண்டும் என்றார். ஒரு டப்பா களிம்பும் விதையும் கொடுத்தார். கூடவே இன்னொரு டப்பா, அதில் பூ சேராத வெறும் எண்ணெயும் மெழுகும். “பூ ஆத்துதா, எண்ணெய் ஆத்துதான்னு எனக்கே ரொம்ப நாளா சந்தேகம். வலது கைக்குப் பூ, இடது கைக்கு வெறும் எண்ணெய். பாத்துட்டு வந்து சொல்லுங்க.”

அக்கா தீப்பெட்டியைத் திறந்ததும் கீழே போட்டுவிட்டாள். “ஏன்டா, பட்டுல பொழைக்கிறவங்க ஊட்டுக்கு எவனாவது செத்த புழுவைக் கொண்டாருவானா?” மறுநாள் என் கையில் தீப்பெட்டியைப் பார்த்த முதலாளியும் அதையே நினைத்து என்னைக் கொட்டகைக்கு வெளியே நிறுத்திவிட்டார். புழு செத்தால் நோய், நோய் வந்தால் கூடு இல்லை. ஒரு விதையை நகத்தால் உடைத்து உள்ளே இருந்த பருப்பைக் காட்டினேன். அவருக்கும் ஆவல் பிடித்துக்கொண்டது. தானே வீட்டிலிருந்து மஞ்சள் கொண்டுவந்தார். கழிவு நூலில் ஒரு பிடியை மஞ்சள் கலந்த வெந்நீரிலும், இன்னொரு பிடியைக் களிம்பு கரைத்த வெந்நீரிலும் போட்டு, சீயக்காயில் அலசி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மஞ்சள் நூல் பொன்னாக மாறியிருந்தது. களிம்பு நூல் பழைய நூலாகவே இருந்தது. “ராத்திரி பூசட்டும், காலையில கழுவிட்டு வரட்டும்” என்றார்.

சில நாளில் வலது கை வெடிப்பு மூடத் தொடங்கியது. இடது கை மெதுவாகத்தான் ஆறி வந்தது. தினமும் விளக்கடியில் இரண்டு கைகளையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பேன். ஒருநாள் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் இருந்தன. பூ டப்பா பாதி காலி. கேட்டதற்கு அக்கா, “இந்தக் கை மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு? உனக்கும் நர்சம்மாவுக்கும் வேடிக்கை, எனக்குத்தான்டா எரியுது” என்றாள்.

சந்தை நாளில் ஜவளகிரிப் பெண் வந்து நின்றாள். முதலாளி அக்காவின் ராட்டை அருகே நெடுநேரம் நின்றார். இழை அறுபடவில்லை. பிறகு வந்த பெண்ணைக் கூடு பிரிக்கும் வேலைக்கு அழைத்துப்போனார். அக்கா தலை நிமிரவே இல்லை, விரல் மட்டும் ஓடியது.

நடந்ததைச் சொன்னபோது நர்சம்மா வாய்விட்டுச் சிரித்தார். “அக்கா செஞ்சதுதான் சரி. ஆனா நமக்கு இன்னும் தெரியலையே. அடுத்த பனிக்குப் பாப்போம்” என்றார். அடுத்த பனிக்கு முன் அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். எந்த ஊர் என்று கேட்கவும் கூச்சப்பட்டேன்.

ஒவ்வொரு ஐப்பசியிலும் விதை போடுகிறேன். கோடையில் செடி செத்துவிடும், விதை தீப்பெட்டிக்குப் போகும். இந்தப் பனியில் விறகும் சாம்பலும் என் கைகளையே வெடிக்கவைத்தன. வலதுக்குப் பூ, இடதுக்கு வெறும் எண்ணெய் என்று நானே ஆரம்பித்தேன். வலது மூடிவிட்டது. இடது கட்டைவிரலடியில் இன்னும் ஒரு சிவப்புக் கோடு இருக்கிறது. ஒரே ஒரு ஆளின் இரண்டு கைகள், அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் இப்படியே ஆகும் என்று நான் சொல்லமாட்டேன். நர்சம்மாவிடம் போய்ச் சொல்ல வழியில்லாததால் இங்கே எழுதுகிறேன்.

அக்கா பூ டப்பாவோடு வந்து எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். எழுதி முடிந்ததா என்று இரண்டு தரம் கேட்டுவிட்டாள். “தெரிஞ்சுடுச்சு இல்ல? அந்தக் கையையும் நீட்டுடா” என்கிறாள். தீப்பெட்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு நீட்டியிருக்கிறேன்.

1958, தை மாதம் பன்னிரண்டாம் நாள்.