ஒட்டகச்சிவிங்கிக்குப் போகிற வழியில் ஆடு

மட்டாஞ்சேரியில் ஆட்டுக்கு என்ன பஞ்சம்? எங்கள் தெருவில் மிளகுக் கிடங்குகளின் வாசலில் படுத்துக்கொண்டு, சாக்கைக் கடித்துக்கொண்டு, நிறுத்தி வைத்த ஸ்கூட்டர் மேல் ஏறி நின்றுகொண்டு, மனுஷருக்கு வழிவிடாமல் திரிவதெல்லாம் ஆடுதான். அதைப் பார்க்க யாராவது விமானம் ஏறி சிங்கப்பூர் போவார்களா? என் கணவர் போனார்.

புறப்பட்டது ஆட்டுக்காக இல்லை. எர்ணாகுளத்துக் கண் டாக்டர், இவருடைய கண் நரம்பு கெட்டுக்கொண்டே வருகிறது, மருந்து ஊற்றி வேகத்தைக் குறைக்கலாம், போன பார்வை போனதுதான் என்று சொல்லிவிட்டார். வெளியே வந்து ஆட்டோவில் உட்கார்ந்ததும் இவர் கேட்டது ஒன்றே ஒன்று. கண் இருக்கும்போதே ஒட்டகச்சிவிங்கியை நேரில் பார்க்க வேண்டும். உம்ரா யாத்திரை முன்பே முடித்தாயிற்று, இனி அல்லா படைத்ததிலேயே உயரமானதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டால் போதுமாம். சிங்கப்பூரில் இருக்கிற மகளிடம் சொன்னேன். அவள் உடனே டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள்.

ஆனால் பார்வை குறைகிறது என்று மட்டும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது. மூக்குக்கு மேல் கோபம் வரும். உள்ளங்கையில் மிளகைப் போட்டு ஒரே பார்வையில் தரம் சொன்ன மனிதர், இப்போது விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்கிறார். கேட்டால், எப்போதுமே அப்படித்தானாம். மிருகக்காட்சி சாலை வாசலில் மகள் கையைப் பிடிக்கப் போனாள். தட்டிவிட்டார்.

காலையிலேயே போய்விட வேண்டும் என்று மகள் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். அப்போதுதான் ஒட்டகச்சிவிங்கிகள் தழை தின்ன வேலியோரம் வரும், வெயில் ஏறினால் பின்னால் நிழலுக்குப் போய்விடும். அதனால் நான் அவசரப்படுத்தினேன். ஆனால் இவருடைய அவசரம் என்னையே மிஞ்சிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புலி நடந்து வருகிறது. அது நடப்பதைப் பார்த்து எனக்குக் கால் நகரவில்லை. இவரோ, "கண்டாச்சு, மதி, போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கிறார். மேலே ஒரு குரங்கு, உடம்பெல்லாம் செம்பட்டை முடி, குட்டியை மாரோடு அணைத்துக்கொண்டு, வெயிலுக்கு ஓர் இலையைப் பறித்துத் தலையில் வைத்துக்கொள்கிறது. இந்தப் புத்தியை இதற்கு யார் கொடுத்தது என்று நினைத்து சுப்ஹானல்லாஹ் சொல்ல வாயெடுக்கிறேன், இவர் அடுத்த திருப்பத்தில் நிற்கிறார். படைத்தவனைப் புகழக்கூட எனக்கு நேரம் தரவில்லை.

அப்படி ஓடிய மனிதர் எங்கே நின்றார் தெரியுமா? குழந்தைகள் தொட்டு விளையாட ஒரு பட்டி வைத்திருக்கிறார்கள். உள்ளே ஆடு.

பக்ரீதுக்கு ஆடு வாங்கப் போனால் எங்கள் வீட்டு ஆம்பிளைகள் உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்ப்பார்கள். பால்பல் விழுந்து பெரிய பல் முளைத்திருக்க வேண்டும், காதும் காலும் ஊனமில்லாமல் இருக்க வேண்டும். அதே பழக்கத்தில் இவர் குனிந்து, ஒரு ஆட்டின் வாய்க்குள் விரலை விட்டுவிட்டார். அங்கே வேலை பார்க்கிற பெண் பதறிக்கொண்டு வந்தாள். இவர் அவளிடம் தமிழும் மலையாளமும் கலந்து விளக்கம் சொல்கிறார். இரண்டு பல் முளைத்துவிட்டது, குர்பானிக்கு அறுக்கச் சரியான பருவமாம். மகளை மொழிபெயர்க்கச் சொல்லி நச்சரிக்கிறார். நல்லவேளை, அத்தாவுக்கு ஆடு என்றால் உயிர் என்று மட்டும் சொல்லி அவள் சமாளித்தாள்.

ஆடு நம் தெருவிலேயே கிடக்கிறதே, வாருங்கள் என்றேன். நம் தெரு ஆடு அட்டைப்பெட்டி தின்கிற ஆடு, இதன் முதுகைத் தொட்டுப் பார் என்றார். எதற்கும் ஒரு பதில் கையில் இருக்கும் இவருக்கு. முதுகைத் தடவினார், காது மடலை விரலால் நீவினார், கொம்பின் அடியைப் பிடித்துப் பார்த்தார். பிறகு அடுத்த ஆடு. வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

நினைத்ததுபோலவே ஆயிற்று. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஒட்டகச்சிவிங்கிகள் வேலியை விட்டு வெகுதூரம் போய் நிழலில் நின்றன. வேலிக்குப் பக்கத்தில் கிளையில்லாத ஒரு நெட்டை மரம்தான் இருந்தது. இவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். சுப்ஹானல்லாஹ் என்றார். மறுபடியும் சொன்னார். மகள் என்னைப் பார்த்தாள், பேசாமல் இருந்துவிடும்மா என்கிற பார்வை.

என்னால் முடியவில்லை. "ஏங்க, அது மரம்" என்றேன். "காலையிலேருந்து கண்டாச்சு கண்டாச்சுன்னு ஓடுனீங்க. ஒண்ணாவது கண்டீங்களா?"

அவர் தலையைத் தாழ்த்தவே இல்லை.

"மரமும் அவன் படைச்சதுதானே" என்றார்.

பார்த்தீர்களா, அதற்கும் ஒரு பதில். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது கம்பி மேல் அவர் கை தடவிக்கொண்டே வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது.

"அந்தப் புலி எப்படி இருந்திச்சு? நீ சொல்லு."

கல்யாணமான நாளிலிருந்து நான் தொடங்கிய பேச்சை ஒரு தடவையாவது முடிக்க விட்டிருப்பாரா இந்த மனிதர்? அன்று என்னைப் பேசச் சொல்லிவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறார். எனக்குக் கோபம் அடங்கவில்லை. மகளிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன். மறுபடியும் வாசலிலிருந்து தொடங்கலாம், நான் சொல்லி முடிக்கிறவரை குறுக்கே பேசக்கூடாது என்றேன். சரி என்றார்.

கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன். அவர் தட்டிவிடவில்லை.