பயப் பெரட்டு

சிற்றம்பலத்துக்கு மலையைப் பிடிக்காது. லுணுகலைக்கு மேலே இருந்த குருவிக்கல் தோட்டத்துக்கு மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக வந்து ஒன்றரை வருடம் ஆகியும், காலையில் கதவைத் திறந்ததும் அவர் கண் முதலில் போவது தொழிலாளர் வீட்டு வரிசையான மூன்றாம் லயத்துக்குப் பின்னால் நின்ற சரிவின் மேல்தான். இரவில் தான் தூங்கிய நேரம் பார்த்து அது ஓரடி கிட்ட வந்திருக்குமோ என்று ஒரு சந்தேகம்.

வடமராட்சி மணலில் பிறந்து வளர்ந்தவர். நிலம் என்றால் படுத்துக் கிடப்பது என்று நினைத்திருந்தவர். ஐம்பத்தேழாம் ஆண்டு மார்கழி வெள்ளத்தில், அப்போது வேலை பார்த்த இன்னொரு தோட்டத்தில், நிலம் எழுந்து நடந்ததைக் கண்டார். லயத்தில் குடும்பங்கள் இருந்த நாலு காம்பரா, நாலு அறை, போன இடம் தெரியவில்லை. மண்வெட்டி கிடைக்காமல், ஊசி வைக்கிற எனாமல் தட்டால் சேற்றை வாரினார். எத்தனை பேரை எடுத்தார்கள் என்று யாராவது கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

அதற்குப் பிறகு அவருக்கு மழை என்றால் பயம். குருவிக்கல்லில் இது எல்லோருக்கும் தெரியும்.

“தவக்கா கத்துனாப் போதும், டாக்டரய்யா குடைய எடுத்துக்கிட்டு வெளிய ஓடியாந்துருவாரு,” என்பார் தங்கராஜா கணக்கப்பிள்ளை. சிற்றம்பலமும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே வானத்தை ஒரு தரம் பார்த்துக்கொள்வார்.

ஐம்பத்தொன்பது ஆவணியில் ஒருநாள் சரிவின் உச்சிக்கு ஏறிப்போனவர், தேயிலைச் செடிகளுக்கு நடுவே நீளமாக ஒரு வெடிப்பைக் கண்டார். குடை நுனியை விட்டுப் பார்த்தார். ஒரு சாண் உள்ளே போயிற்று. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போக மூன்று நாள் எடுத்தது. பங்களா வாசலில் நின்று, பாடமாக்கி வந்த இங்கிலீசைப் பாதியில் மறந்து, எப்படியோ சொல்லிவிட்டார்: மழைக்காலத்துக்கு முன்னால் மூன்றாம் லயத்து ஆட்களுக்கு ஒரு ஒத்திகை வேண்டும். தப்புப் பறைச் சத்தம் கேட்டதும் எல்லோரும் லயத்தை விட்டு எதிர்மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு ஏறிவிட வேண்டும். வெயிலுக்கு மண் வெடிக்கத்தான் செய்யும் என்று துரை சிரித்தார். ஆனாலும் ஒத்திகை என்ற யோசனை அவருக்குப் பிடித்திருந்தது. பட்டாளத்தில் இருந்தவர். ஒரே நிபந்தனை, வேலை கெடக்கூடாது. காலையில் தப்படித்து ஆட்களைக் கூட்டிப் பேர் கூப்பிடுகிற பெரட்டு நேரத்திலேயே வைத்துக்கொள்ள வேண்டும். பள்ளிக்கூடத்திலேயே பேரைக் கூப்பிட்டு அங்கிருந்தே கொழுந்து பறிக்க மலைக்கு அனுப்பிவிடலாம்.

லயத்தில் அதற்குப் ‘பயப் பெரட்டு’ என்று பேர் வைத்தார்கள்.

அன்று காலை தோட்டத்துத் தப்புக்காரர் முனியாண்டி தப்படித்தார். காம்பராக் கதவுகள் படபடவென்று திறந்தன. இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, ஆட்கள் பள்ளிக்கூட மேட்டுக்கு ஓடிவந்தார்கள். நடக்க முடியாத கிழவர் ஒருவரை இரண்டு பேர் தூக்கி வந்தார்கள். கணக்கப்பிள்ளை செக்ரோல் என்ற பேரேட்டைப் பிரித்துப் பேர் கூப்பிட்டார். எழுபத்தெட்டுப் பேர். ஒருவரும் குறையவில்லை.

“பதினாலு நிமிடம்!” துரை கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டி, சிற்றம்பலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு துரை அவர் கையைத் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு வருடத்துக்குப் பிறகு நெஞ்சுக்குள் எதுவோ இளகிக் கொடுப்பது போல இருந்தது.

அப்போதுதான் அந்த அமைதி அவருக்கு உறைத்தது. இவ்வளவு சனம் நிற்கிற இடத்தில் ஒரு குழந்தைகூட அழவில்லை.

முன்வரிசையில் நின்ற பூவம்மாவிடம் போனார். அவளுக்குத் தலைச்சன் பிள்ளை, ஏழு மாதம். “பூவம்மா, உங்கடை பிள்ளை எங்கை?”

“புள்ளக்காம்பராவுலதாங்க. பெரட்டுக்குத் தப்படிச்சா அங்க விட்டுட்டுத்தானே வரணும்?”

“மலை விழப்போகுதெண்டு சொல்லித்தானே இண்டைக்குத் தப்படிச்சது?”

“அதாங்க, பயந்துபோயி வெரசா விட்டுட்டு ஓடியாந்தேன்.”

சிற்றம்பலம் திரும்பிப் பார்த்தார். கீழே, சரிவின் காலடியில், காற்றுப் படாத இடம் என்று முந்திய துரை பார்த்துக் கட்டிய பிள்ளைக்காம்பராவின் தகரக் கூரை. பெரிய ஆட்களைக் காப்பாற்றுகிற அவசரத்தில் மூன்றாம் லயத்தின் இருபத்துமூன்று குழந்தைகளையும் ஒன்றுவிடாமல் மலையின் வாயில் கொண்டுபோய் வைத்திருந்தார்கள். செக்ரோலில் வேலையாட்களின் பேர்தான் உண்டு. பிள்ளைகளை யாரும் கூப்பிடவில்லை. பிள்ளைக்காம்பரா வாசலில் நின்ற ஆயா கருப்பம்மா, டாக்டரய்யா தன்னைப் பார்க்கிறார் என்று கையை ஆட்டினாள்.



இன்னொரு ஒத்திகை கேட்டுப் போனார். துரை முடியாது என்றார். ஒத்திகை நன்றாக நடந்ததாகக் கொழும்புக்குக் கடிதம் போய்விட்டது. அது நன்றாக நடக்கவில்லை என்று இனி எழுத முடியாது.

ஆகவே சிற்றம்பலம் கருப்பம்மாவிடம் போனார்.

“எனக்குக் கையி ரெண்டுதானுங்க,” என்றாள் அவள். “இருபத்துமூணையும் எப்புடித் தூக்குறது? ரயிலுப் பொட்டியாட்டம் ஒண்ணு பின்னால ஒண்ணாக் கட்டி இழுக்கட்டா?”

ஆனால் யோசனை சொன்னதும் அவள்தான். பழைய கொழுந்துக் கூடையில் கம்பளியை மடித்துப் போட்டால் இரண்டு பிள்ளை கொள்ளும். தங்கராஜா கொழுந்து மலையில் நின்ற ஒரு பகல் நேரத்தில், அவருக்குத் தெரியாமல் தூக்கிப் பார்த்துவிட்டார்கள். கருப்பம்மா, பிள்ளை பெற்று லயத்தில் இருந்த ஒருத்தி, வேலையை விட்ட இரண்டு கிழவர்கள். கூடைக்குள் இருந்த பிள்ளைகளில் பாதி சிரித்தன, பாதி வீறிட்டன. இருபத்துமூன்றாவது பிள்ளை மேட்டுக்கு வந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.

“மலை விழ எம்புட்டு நேரமாகுங்க?” கருப்பம்மா மூச்சு வாங்கக் கேட்டாள்.

“ஒருக்கா இருமி முடியிற நேரம்.”

அவள் அதற்குப் பிறகு பகிடி பேசவில்லை.

ஓடிப் பிரயோசனமில்லை, முந்திக்கொள்ள வேண்டும். கலவை மருந்துப் போத்தல் ஒன்றில் புனலைச் செருகி டிஸ்பென்சரி முற்றத்தில் நட்டார். வேளைக்கு இவ்வளவு என்று காட்ட ஒட்டுகிற வெட்டுக் காகிதத்தையே அதிலும் ஒட்டினார். ஒருநாள் மழை ஆறாவது வெட்டைத் தாண்டினால் பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும். கருப்பம்மாவுக்கும் அவருக்கும் மட்டும் தெரிந்த சட்டம் அது. இருபத்துமூன்று பேரையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். அத்தனை பேருக்கும் அம்மைப்பால் குத்தியவர் அவர். கூப்பிடாமலே முகம் தெரியும்.

கார்த்திகையில் மழை பிடித்தது. இரண்டாம் நாள் காலை பத்து மணிக்குப் போத்தல் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. சிற்றம்பலம் உச்சிக்கு ஏறினார். வெடிப்புக்குள் குடை கைப்பிடி வரைக்கும் போயிற்று.

ஊரில் மனைவி லீலாதேவியும் மூன்று பிள்ளைகளும் அவர் அனுப்புகிறதை வைத்துத்தான் இருந்தார்கள். மலை விழாவிட்டால் உத்தியோகம் போகும். அதையும் நினைத்தார். நினைத்துக்கொண்டே சறுக்கிச் சறுக்கி இறங்கிப்போய், கருப்பம்மாவிடம் “தூக்குங்கோ,” என்றார்.

பகல் பால் நேரத்துக்கு வந்த தாய்மார் பிள்ளைக்காம்பரா வெறுமையாகக் கிடப்பதைக் கண்டு அலறிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவந்தார்கள். பூவம்மா பிள்ளையைப் பிடுங்கி மார்போடு வைத்துக்கொண்டு, “ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? உசுரே போயிருச்சு! நீங்க பயந்தாங்கொள்ளின்னா எங்களையும் ஏன்யா சாவடிக்கிறீங்க?” என்று கத்தினாள்.

பின்னாலேயே துரை வந்தார், மழைக்கோட்டில் நீர் சொட்ட. “யார் சொல்லிச்சி? இந்தப் புள்ளே எல்லாம் திரும்பி கொண்டு போ.”

சிற்றம்பலம் வாசலில் நின்றார். இரண்டு கையாலும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

பூவம்மாதான் பேசினாள். “தொர, இவரு பயந்த ஆளுதாங்க. ஆனா ஊசி போட்டன்னிக்கி, ராவுக்குக் காச்ச வரும்னு பயந்தாரு, வந்துச்சு. பச்சத் தண்ணி குடுக்காதன்னு பயந்தாரு, குடுத்தேன், வயித்தால போச்சு. இந்த மழ விடட்டுங்க.” அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு இங்கிலீசில், நாளைக் காலை பிள்ளைக்காம்பரா அது கட்டப்பட்ட இடத்திலேயே நடக்கும், நீ எட்டு மணிக்கு ஆபீசுக்கு வா என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்றிரவு மூன்றாம் லயம் முழுவதும் பள்ளிக்கூடத்தில் படுத்தது. கூரை ஒழுகுகிறது என்பது சாக்கு. சிற்றம்பலமும் வீட்டுக்குப் போகாமல் ஒரு வாங்குப் பலகையில் சாய்ந்தார். விடியற்காலையில் கண் அயர்ந்துவிட்டது.

காலைப் பெரட்டின் தப்புச் சத்தம் கேட்டுத்தான் எழும்பினார்.

பள்ளிக்கூடத்தில் ஒரு தாயும் இல்லை. வெளியே ஓடினார். சாம்பல் நிற வெளிச்சத்தில், தூறலில், தாய்மார் பிள்ளைகளைக் கம்பளிக்குள் அணைத்துக்கொண்டு வரிசையாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தார்கள். முன்னால் கருப்பம்மா, கையில் பிள்ளைக்காம்பராச் சாவியோடு. துரை சொன்னதற்காகப் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. தப்புக் கேட்டது, கால்கள் போயின. பிறந்த நாளிலிருந்து அந்தக் கால்களுக்கு அந்தச் சத்தத்துக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். நேற்று வாசற்படியில் உட்கார்ந்த பூவம்மாவும் அரைத்தூக்கத்தில் போய்க்கொண்டிருந்தாள்.

“நில்லுங்கோ!” என்றார். அவர் குரல் எப்போதும் இரண்டாம் ஆளுக்குக் கேட்காத குரல். தப்பு அதை விழுங்கிவிட்டது.

மேட்டின் ஓரத்தில், தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு முனியாண்டி அடித்துக்கொண்டிருந்தார். சிற்றம்பலம் அவரிடம் ஓடினார். இரண்டு கையாலும் தப்பைப் பிடித்து இழுத்தார்.

முனியாண்டிக்குத் துரை மேலே விழுந்திருந்தாலும் இவ்வளவு திடுக்கிட்டிருக்காது. யாழ்ப்பாணத்து உத்தியோகத்தர் வீடுகளில் முனியாண்டி வாசற்படி மிதித்ததில்லை. அவர் குடிக்கிற சிரட்டை தனி. மாட்டுத்தோல் தப்பை ஒரு ஐயா தொட்டு எவரும் கண்டதில்லை. “ஐயா, ஐயா, அதத் தொடாதீங்க...” என்று பதறிக் கையை விட்டுவிட்டார். சிற்றம்பலம் ஈரத் தோலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு நின்றார்.

அடி பாதியில் அறுந்ததும் கால்களும் நின்றன. தாய்மார் திரும்பி மேலே பார்த்தார்கள். கங்காணிமார், கணக்கப்பிள்ளை, எல்லோரும் பார்த்தார்கள்.

அந்த மௌனத்தில்தான் அது கேட்டது. முதலில் கருப்பம்மாவுக்கு. “என்னமோ நறநறங்குது,” என்றாள். தேயிலை வேர்கள் ஒவ்வொன்றாக அறுகிற சத்தம், பழந்துணி கிழிகிற மாதிரி.

“ஏறுங்கடி!” கருப்பம்மா சாவியை வீசிவிட்டு, பக்கத்தில் நின்றவளின் முதுகில் ஓங்கி அறைந்தாள். ஏறினார்கள். கூடை உருண்டது, கம்பளி வழுக்கியது, ஒருத்தி நாலு காலில் தவழ்ந்தாள். கடைசியாக வந்த பூவம்மாவின் கையைத் தங்கராஜா எட்டிப் பிடித்து இழுக்கும்போது சரிவு ஒருமுறை குலுங்கி, செடிகள் நின்றது நின்றபடி, வரிசை கலையாமல், கீழே நடந்து வந்தது. தகரக் கூரை ஒரு தாளைப் போல மடங்கியது. பிறகு மூன்றாம் லயத்தின் பாதி.

எவரும் அழவில்லை. பிள்ளைகள் மட்டும் அழுதன.

சிற்றம்பலம் சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். மழையில் மை கரைந்து நீலமாகக் கிடந்தது. அதனால் முகம் முகமாகப் பார்த்தார். கேட்காமலே ஒவ்வொரு தாயும் கம்பளியை விலக்கிப் பிள்ளையை அவர் பக்கம் நீட்டினாள். ஒரு கையில் தப்பை இடுக்கிக்கொண்டு, மறு கையால் ஒவ்வொரு தலையையும் தொட்டார். இருபத்துமூன்று. நம்பாமல் மறுபடியும் தொட்டார். இருபத்துமூன்று.

“எல்லாம் இருக்குதுங்கய்யா,” என்றாள் பூவம்மா. “இனிமே உக்காருங்க.”

அவர் உட்காரவில்லை. பள்ளிக்கூடத்தின் பின்பக்கம் போனார். அங்கே சுவருக்கு நாலடி தள்ளி இன்னொரு சரிவு ஏறிப்போய் மஞ்சுக்குள் மறைந்தது. இத்தனை நாளும் அதற்கு முதுகைக் காட்டியே அவர் நின்றிருக்கிறார். மழை வலுத்துக்கொண்டிருந்தது.

“கருப்பம்மா,” என்று மெல்லக் கூப்பிட்டார். “கூடையளைத் திரும்ப எடுங்கோ.”