பாங்குக்கு மூடித் திறக்கிற மடிக்கணினி

எங்கள் இசைக்குழுவில் மூன்று பேர். என் நண்பன் பாடுவான். நான் கீபோர்ட் வாசிப்பேன். டிரம்ஸ், புல்லாங்குழல், வயலின், தேவைப்பட்டால் ஐம்பது பேரின் கோரஸ் எல்லாவற்றையும் மூன்றாமவர் பார்த்துக்கொள்வார். மூன்றாமவர் ஒரு மடிக்கணினி. குழுவில் சுருதி பிசகாத ஒரே ஆள் அவர்தான் என்பதை மற்ற இருவரும் எப்போதோ ஒப்புக்கொண்டுவிட்டோம்.

நண்பன் நெல் வியாபாரி. நாவிதன்வெளிப் பக்கம் நெல் வாங்கி ஆலைகளுக்குக் கொடுக்கிறவன். நான் பாடசாலையில் கணிதம் படிப்பிக்கிறேன். தாளத்தை எண்ணத் தெரியும். எண்ணத் தெரிவதும் வாசிக்கத் தெரிவதும் ஒன்றல்ல என்று புரிய எனக்குப் பல வருடம் பிடித்தது. கல்முனையிலும் பக்கத்து ஊர்களிலும் கல்யாண வீடுகளில் இஸ்லாமிய கீதங்கள் பாடுகிறோம். கேட்பவர்கள் பெரும்பாலும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அது எங்களுக்கு ஒரு பாதுகாப்பு.

எங்கள் ஊர்களில் தொழுகைக்குப் பாங்கு சொன்னால் பாட்டு நிற்கும். அதில் பேச்சே இல்லை. நண்பன் மைக்கை இறக்கிக்கொள்வான். நான் கணினியின் மூடியைச் சாத்திவிடுவேன். வீட்டில் பாங்கு கேட்டால் தொலைக்காட்சியை அணைத்துப் பழகிய கை அது. திரை வெளிச்சத்தோடு பல்லைக் காட்டிக்கொண்டிருப்பது மரியாதையாகப் படாது. தவிர, பாட்டை நிறுத்த இதைவிட வேகமான வழியும் எனக்குத் தெரியாது. மூடினால் கணினி தூங்கிவிடும். ஒரு பள்ளிவாசலில் பாங்கு முடியும்போது அடுத்த பள்ளிவாசலில் நடுவில் நிற்கும், மூன்றாவதில் அப்போதுதான் ஆரம்பிக்கும். எல்லாம் ஓய்ந்த பிறகு மூடியைத் திறப்பேன்.

சிக்கல் அங்கேதான். எங்கள் பழைய கணினி எழும்பும்போது எதுவும் நினைவில் இல்லாமல் எழும்பும். பக்கத்தில் வயரில் தொங்குகிற சவுண்ட் கார்டை யாரென்று கேட்கும். பெரிய ஸ்பீக்கர்களை மறந்து தன்னுடைய சின்ன ஸ்பீக்கரில், காதோரம் ரீங்கரிக்கிற நுளம்பு மாதிரிப் பாடும். நான் எல்லாவற்றையும் அணைத்துப் போட்டு, பாட்டை முதலிலிருந்து தொடங்குவேன். மூடினாலும் தூங்காதபடி ஒரு செட்டிங் இருக்கிறது என்று வாசித்து, ஒருமுறை அதைப் போட்டேன். மருதமுனையில் ஒரு கல்யாண வீடு. பாங்கு கேட்டது. பக்தியோடு மூடியைச் சாத்தித் தலையைக் குனிந்தேன். மூடிய கணினிக்குள்ளிருந்து டிரம்ஸ் தொடர்ந்து அடித்தது. பந்தலே திரும்பிப் பார்த்தது. வயரைப் பிடுங்குவதற்குள் என் தலைமுறைக்கே போதுமான அளவு பார்வை கிடைத்துவிட்டது. அன்றோடு அந்த செட்டிங்கை விட்டேன்.

இப்படிப் போயிருக்கலாம். ஆனால் நண்பனின் ஒரே மகளுக்குக் கல்யாணம் வந்தது.

எங்கள் பக்கத்தில் மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். நண்பன் தன் வீட்டை மகளுக்கு எழுதிவிட்டு, பின்வளவில் இரண்டு அறை கட்டிக் குடிபோக ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். மருமகனுக்காகத் தானே ஒரு பாட்டும் எழுதியிருந்தான். அதைக் கல்யாணத்தன்று பாடியே ஆகவேண்டும் என்றான். மாப்பிள்ளையின் வாப்பாவுக்குப் பாட்டு, இசையில் விருப்பமில்லை. பலர் போய்க் கதைத்த பிறகு ஒரு பாட்டுக்குச் சம்மதித்தார். ஒன்றே ஒன்று.

"ஒரு பாட்டுத்தான் மச்சான். அதுக்குள்ள உன்ட பெட்டி மயங்கி விழுந்திச்சென்டா நான் ஆருக்கிட்டப் போய் மறுகாக் கேக்கிற?" என்றான் நண்பன்.

ஆகவே புதுக் கணினி வாங்கக் கல்முனைக்குப் போனோம். நான் ஒரு வாரமாக வீடியோக்கள் பார்த்து, விசையைத் தொட்டதற்கும் ஒலி வருவதற்கும் இடையிலுள்ள தாமதம் பற்றியெல்லாம் பெரிய அறிவாளியாகியிருந்தேன். கடைக்காரர் முப்பது வயதுக்காரர், பொறுமைசாலி.

"சேர், என்ன வேலைக்கு?"

"மேடையில பாட்டுக்கு. மூடித் திறந்தா எழும்போணும்."

"எல்லாம் எழும்பும் சேர்."

"எழும்பினாப் போதா. தூங்க முந்தி எங்க இருந்த, ஆரோட இருந்த என்டு ஞாபகம் இரிக்கோணும்."

"மனிசருக்கே அது கஷ்டம் சேர்," என்றார் அவர்.

சவுண்ட் கார்டையும் மென்பொருளையும் கையோடு கொண்டுபோயிருந்தேன். முதலில் காட்டியது அப்பளம் மாதிரி மெல்லியது. மூடித் திறந்தோம். எழும்பியது, சவுண்ட் கார்டை அடையாளம் தெரியவில்லை. இரண்டாவது விளையாட்டுப் பிரியர்களுக்கானது. ஞாபகசக்தியில் குறையில்லை. ஆனால் விசைகளுக்கு அடியில் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னின, விசிறி நெல் ஆலை மாதிரி இரைந்தது.

"இதக் கொண்டு போனா சம்மந்தி பந்தலுக்குள்ளயே வர மாட்டார்," என்றான் நண்பன். பிறகு கடைக்காரரிடம், "என்ட மகளுக்கு மாப்பிள பாக்கேக்கயும் நான் இவ்வளவு சோதிக்கல்ல தம்பி," என்றான்.

"மாப்பிளைய மூடித் திறக்க ஏலாதே காக்கா," என்றார் கடைக்காரர், அண்ணனைக் கூப்பிடுகிற மரியாதையோடு.

மூன்றாவது, கொழும்பில் ஏதோ அலுவலகத்தில் பாவித்துக் கழித்தது. சாம்பல் நிறம், நல்ல பாரம், பார்த்தால் கோப்பு புரட்டுகிற எழுதுவினைஞர் முகம். பாட்டைப் போட்டோம். பாதியில் நண்பகல் தொழுகையான லுஹருக்குப் பாங்கு சொல்லவும் நான் மூடிவிட்டேன். கடைக்காரர் தொலைக்காட்சியை அணைத்தார். மூன்று பேரும் ஒரு மூடிய கணினியைச் சுற்றிப் பேசாமல் நின்றோம். கடைசிப் பள்ளிவாசலும் ஓய்ந்ததும் திறந்தேன். நான் எதையும் தொடவில்லை. விட்ட இடத்திலிருந்து, புல்லாங்குழலின் பாதி மூச்சிலிருந்து, பாட்டு தானாகத் தொடர்ந்தது.

நண்பன் மேசையில் அடித்தான். "இதுதான் மச்சான்!"

நானும் அப்படித்தான் நினைத்தேன். வீட்டில் என் மனைவி அதைப் பார்த்துவிட்டு, "புதுசு வாங்கப் போய்ப் பழசோட வந்திரிக்கிங்க," என்றாள். அதன் குணத்தை விளக்கினேன். "அப்ப உங்களவிடத் திறம்," என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டார் பகல் சாப்பாட்டுக்கே பிந்தித்தான் வந்தார்கள். அவர்கள் சாப்பிட்டுக் கை கழுவி உட்கார்ந்தபோது பின்னேரத் தொழுகையான அஸர் நெருங்கியிருந்தது. நண்பன் புதுச் சட்டையில், நெல் மூட்டைக்கு விலை பேசுகிறவன் போல முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு பாட ஆரம்பித்தான். இரண்டாம் சரணத்தின் நடுவில் பாங்கு. மூடினேன். உடனே நின்றது. மாப்பிள்ளையின் வாப்பா திருப்தியாகத் தலையசைத்ததைப் பார்த்தேன். எல்லோரும் எழும்பிப் பள்ளிவாசலுக்குப் போனோம்.

திரும்பி வரும் வழியில் நண்பன் என் கையைப் பிடித்தான். "பாதிப் பாட்டையும் ஒரு பாட்டென்டு கணக்கெடுத்திருவாரோ?"

"உட்டுப்போட்டு வா. கேட்டாத்தானே. கேக்காம தொடங்குவம்."

"முதல்ல இருந்து?"

"ஓம், முதல்ல இருந்து."

எப்போதும் முதலிலிருந்துதானே. மறதிக்காரக் கணினிகளோடு இத்தனை வருடம் குடும்பம் நடத்தியவர்களுக்கு வேறு எந்த வழியும் தோன்றவில்லை. பந்தல் நிரம்பியது. நண்பன் மைக்கைப் பிடித்து என்னைப் பார்த்தான். நான் மூடியைத் திறந்தேன். நான் நான்கு எண்ண, அவன் எடுக்க வேண்டும். எண்ண வாயைத் திறப்பதற்குள் கணினி இரண்டாம் சரணத்தின் நடுவிலிருந்து தொடர்ந்தது. இசை வந்துவிட்டது என்று அவன் முதல் அடியை எடுத்துவிட்டான்.

பல்லவியும் சரணமும் ஒன்றின் காலில் ஒன்று மிதித்தன. சிறுவர்கள் சிரித்தார்கள். என் கைக்குத் தெரிந்தது ஒன்றுதான், பட்டென்று மூடினேன்.

அவன் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அதோடு முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். டிரம்ஸ் இல்லை, புல்லாங்குழல் இல்லை; வெறுங்குரலில் பாடிக்கொண்டே போனான். இரண்டு வரி போன பிறகு நான் கீபோர்டை அதன் சொந்த ஸ்பீக்கரிலேயே மெல்லத் தொட்டேன். அப்போதுதான் எனக்கே பாட்டின் சொற்கள் ஒழுங்காகக் கேட்டன. ஒத்திகைகளில் வயலின் அவற்றை விழுங்கிவிடும். முற்றத்து மாமரம் இனி உன்னுடையது மகனே, அதன் புளிப்பும் உன்னுடையது. கிணற்றுத் தண்ணீர் நல்லது, மோட்டார்தான் கத்தும். சோறாக்கும் குசினி மூலையில் ஒழுகும், நான்தான் கட்டினேன், என்னைத் திட்டாதே என்று எழுதியிருந்தான். மாப்பிள்ளை சிரித்துவிட்டார். மாமரத்துக்கு ஒரு முறை, மோட்டாருக்கு ஒரு முறை. குசினிக்கு அவருடைய வாப்பாவும் சிரித்தார். பிறகு சிரித்ததை மறைக்கத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

பாட்டு முடிந்ததும் அவர் எழும்பி எங்களிடம் வந்தார். நண்பன் மைக்கைப் பின்னால் வைத்துக்கொண்டான், பிடுங்கிவிடுவார் என்பது போல.

"பாட்டு நல்லம் சம்மந்தி," என்றார். பிறகு என்னைப் பார்த்து, "உங்கட பெட்டிக்கு என்ன வருத்தம்?"

"வருத்தம் ஒண்டுமில்ல. ஞாபகசக்தி கூடிப் போய்த்து," என்றேன்.

அவர் யோசித்தார். "இன்னொண்டு பாடுங்க. அதையும் திறந்து விடுங்க. கல்யாண வீட்டுக்கு வந்து மூடியேவா கிடக்கிற?"

நண்பன் என்னைப் பார்த்தான். அவன் கண் கொஞ்சம் சிவந்திருந்தது. அடுத்து எந்தப் பாட்டு என்று எங்கள் இருவருக்கும் தெரியாது. இரண்டாவது பாட்டு ஒன்று கிடைக்கும் என்று யாரும் ஆயத்தமாகவில்லை. சரி என்று மூடியைத் திறந்தேன். கணினி பந்தல் முழுக்கக் கேட்கும்படி, அதே இரண்டாம் சரணத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.