பத்துமலை துலக்கிய கார்புரேட்டர்

மலாயாவில், ஈப்போவுக்குப் பக்கத்து லகாட்டுக்கு மேற்கே, ஈயக்குட்டைகளைத் தாண்டிப் போகிற செம்மண் சாலை முடியும் இடத்தில் இருந்தது அந்த ரப்பர் தோட்டம். கித்தா தோட்டம் என்பார்கள். அங்கே புகைக்கொட்டகையில் வேலை பார்த்தவர் பத்துமலை. நெடுங்காலம் பிள்ளையில்லாமல் இருந்த அவருடைய தாய் தகப்பன் பத்துமலை முருகனுக்கு நேர்ந்துகொண்டு பெற்ற பிள்ளை. அதனால்தான் அந்தப் பெயர். இந்த நாட்டிலேயே பிறந்தவர். எழுத்துக்கூட்டித் தமிழ் வாசிப்பார். கோபம் வராது, வந்தாலும் ஒரு இருமலோடு போய்விடும்.

அந்த இருமல் புகை கொடுத்தது. கித்தா பாலை உறையவைத்துத் தகடாக உருட்டி, கொட்டகைக்குள் கம்புகளில் தொங்கவிட்டு, கீழே ஈர விறகை எரித்துப் புகை போடுவார்கள். தகடு பழுப்பேறும் வரைக்கும் நெருப்பு அணையவும் கூடாது, கொழுந்துவிட்டு எரியவும் கூடாது. அதைப் பார்த்துக்கொள்வதுதான் பத்துமலையின் வேலை. கண் எந்நேரமும் சிவந்திருக்கும். சட்டையை எத்தனை தரம் கசக்கினாலும் வாடை போகாது. அவருக்கு முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் நெஞ்சு காய்ந்து செத்துப்போனார் என்பது லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். பத்துமலைக்கும் தெரியும். அவர் மனைவி கருப்பம்மாள், புருஷன் இருமும்போதெல்லாம் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிட்டு, இருமல் நின்ற பிறகுதான் மறுபடியும் தொடங்குவாள். அதைப் பற்றி இருவரும் பேசிக்கொண்டதில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்தாறாம் வருஷம் தோட்டத்துக்கு ஒரு லாரி வரப்போவதாகப் பேச்சு வந்தது. மாட்டுவண்டியில் போன தகடெல்லாம் இனி லாரியில் ஈப்போவுக்குப் போகும். டிரைவர் வெளியிலிருந்து வருவார். வண்டியைக் கழுவித் துடைத்து, கூடவே போய்வருகிற கிளீனர் வேலைக்குத் தோட்டத்து ஆளையே போடலாம் என்று துரை சொல்லிவிட்டார். யாரைப் போடுவது என்பது ஆபீசில் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணி கார்த்திகேசு சொல்வதைப் பொறுத்தது.

கார்த்திகேசு யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளை உடுப்பும் நெற்றி நிறையத் திருநீறுமாக இருப்பார். அந்தச் சமயம் அவருடைய கவலையெல்லாம் ஒரு மோட்டார் சைக்கிளைப் பற்றியது. சீமைக்குத் திரும்பிப் போன பழைய துரை அதைப் பங்களாவுக்கு அடியிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தார். பெரிய உலகச் சண்டைக்கு முந்திய வண்டி. கிராணி அதைக் கேட்டு வாங்கி, டயர் மாற்றி, வார் மாற்றி, விளக்கு வைத்தார். எல்லாம் செய்தும் வண்டி ஓடவில்லை. ஈப்போவில் ஒரு பட்டறைக்காரர் பார்த்துவிட்டு, பெட்ரோலையும் காற்றையும் கலந்துவிடுகிற கார்புரேட்டருக்குள் பழைய பெட்ரோல் பிசினாக இறுகிவிட்டது, சீமையிலிருந்து புதிதுதான் வரவேண்டும் என்று சொல்லி, அதைக் கழற்றிக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்.

தோட்டத்து மாரியம்மன் கோயிலில் விளக்கு, தட்டு, மணி எல்லாவற்றையும் வியாழன்தோறும் துலக்கி வைப்பது பத்துமலையின் திருப்பணி. யாரும் சொல்லிச் செய்ததல்ல. ஒரு வியாழக்கிழமை அவர் குத்துவிளக்கைக் கவிழ்த்துவைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தபோது கிராணி அந்தப் பித்தளைக் கார்புரேட்டரோடு வந்து நின்றார்.

"பத்துமலை, இதுவும் பித்தளைதானே?"

"ஆமாங்க ஐயா."

"விளக்கு மினுக்கிற உனக்கு இது மினுக்க ஏலாதோ?"

"வெளியில மினுக்கிடலாம்ங்க. உள்ள என்னா இருக்குன்னு தெரியலையே."

"உள்ளுக்கை பிசின். வேறை ஒண்டுமில்லை. கழுவிப் பார். கெட்டுப்போனால் போகட்டும், இப்பவும் அது கெட்டதுதானே."

பத்துமலை அதைக் கையில் வாங்கினார். பிறகு, பிறந்ததிலிருந்து யாரிடமும் எதையும் கேட்டறியாத அந்த மனிதர் கேட்டார்.

"ஐயா, இது ஓடிட்டா, லாரி வேலைக்கு எம் பேரைச் சொல்லுவீங்களா?"

கிராணிக்குச் சிரிப்பு வந்தது. "ஆயுத பூசையண்டு இதிலை ஈப்போவுக்குப் போவம். நீ பின்னாலை இரு. வழியிலை தள்ளாமல் போய்த் தள்ளாமல் வந்தால் சொல்லுவன். தள்ளவேண்டி வந்தால் நீ புகைக்கொட்டகைதான். பிறகு என்னட்டை வந்து நிக்கக்கூடாது, சரியோ?"

"சரிங்க ஐயா."

முதலில் ஒரு பழைய பால் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் ஊறப்போட்டார். மேலே இருந்த பிசின் இளகி வந்தது. உள்ளே இருந்தது வரவில்லை. அடுத்ததாகப் புளியைக் கரைத்து, துணியில் வடிகட்டி, சட்டியில் ஊற்றிக் கொதிக்க வைத்தார். விளக்குக்கென்றால் புளியோடு சாம்பலும் சேரும். இதற்குச் சாம்பல் ஆகாது, ஓட்டைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று விட்டுவிட்டார்.

கருப்பம்மாள் பால்வெட்டு முடிந்து வந்து அடுப்படியைப் பார்த்தாள்.

"இந்தாங்க, கொழம்புக்கு வச்சிருந்த புளியக் காணோமே?"

"அந்தச் சட்டியில இருக்கு."

"சட்டியில இரும்புல்ல வேகுது!"

"இரும்பு இல்ல புள்ள. பித்தளை."

"பித்தளைன்னா சோத்துல ஊத்திக்கலாமா?"

புளித்தண்ணீர் கறுத்துப்போனது. அதைக் கொட்டிவிட்டுச் சலவைச் சோடா போட்ட வெந்நீரில் அலசினார். பித்தளை இளம் சிவப்பாக விடிந்துகொண்டு வந்தது. ஆனால் பெட்ரோல் பீறிட்டு வரவேண்டிய ஊசித்துளை இன்னும் அடைத்தே இருந்தது. தென்னை ஈர்க்கு நுழையவில்லை.

"கருப்பம்மா, ஒரு முடி குடு."

"எதுக்கு? வசியம் வைக்கவா? கட்டிக்கிட்டு இத்தனை வருசம் ஆச்சு, இன்னமுமா?"

"ஓட்டை அடைச்சிருக்கு. ஊசி விட்டா பெருசாப் போயிரும். முடிதான் நொழையும்."

"கிராணி ஐயா வண்டிக்கு ஏந் தலைதானா கெடச்சுது? அவரு பொஞ்சாதி மொட்டையா?" என்று சொல்லிக்கொண்டே நீளமாகப் பார்த்து ஒன்றைப் பிடுங்கிக் கொடுத்தாள். அது அறுந்தது. இன்னொன்று கொடுத்தாள். அதற்கு மெழுகு தடவி விறைப்பாக்கி, துளைக்குள் விட்டு இழுத்து, மண்ணெண்ணெய் விட்டு, மறுபடியும் இழுத்தார். முடிவில் துளை வழியாக வெளிச்சம் தெரிந்தது. பெட்ரோல் வந்து நிற்கிற சின்னக் கிண்ணத்தின் மூடியில் நடுவாக இன்னொரு பொடி ஓட்டை இருந்தது. அது எதற்கென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியாவிட்டால் என்ன, அதிலும் அழுக்கு இருந்தது. அதையும் முடி விட்டுச் சுத்தம் செய்தார்.

ஆயுத பூசைக்கு முதல் நாள் கிராணி எல்லாவற்றையும் மாட்டிப் பெட்ரோல் ஊற்றினார். பத்துமலை பின்னாலிருந்து தள்ளினார். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பி ஆலை முற்றத்தை ஒரு சுற்று சுற்றி வந்தது. புகைக்கொட்டகையில் கூட வேலை பார்த்த சின்னையா வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"மச்சான், இனி நீ புகைக்கு வரமாட்ட. நாந்தான் தனியா கெடந்து வேகணும்."

"ஈப்போ போய்த் திரும்பட்டும்டா" என்றார் பத்துமலை.

மறுநாள் ஆலை வாசலில் பால்வெட்டுக் கத்தி, வாளி, உருளை, தராசு எல்லாம் கழுவி வரிசையாக வைத்துப் பூசை நடந்தது. கடைசியில் மோட்டார் சைக்கிள். சந்தனம் அரைத்துக் கெட்டியாக வைத்திருந்தார்கள். பொட்டு வைக்கிற வேலை பத்துமலைக்கு.

"ஒரு இடமும் விடாதை" என்றார் கிராணி. "அந்தப் பித்தளைக்கும் வை. நீ மினுக்கினது அதுதானே."

பொட்டு என்றால் நடுவில்தான் வைப்பார்கள். பத்துமலை மூடியின் நடு பார்த்து, அழகாக வட்டமாகச் சந்தனம் வைத்து, அதன்மேல் குங்குமம் வைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சக்கரத்துக்கடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். கிராணி ஏறினார். பத்துமலை தள்ளிவிட்டுத் தாவிப் பின்னால் சாக்கு கட்டியிருந்த கம்பித் தட்டில் உட்கார்ந்தார்.

"கெட்டியாப் புடிச்சுக்க மச்சான்! நீ விழுந்தா அவரு திரும்பிப் பார்க்கமாட்டாரு!" என்று சின்னையா பின்னால் ஓடிவந்து கத்தினான்.

லகாட்டை எட்டுவதற்குள் வண்டி கம்மியது, விக்கியது, நின்றுவிட்டது.

பத்துமலை இறங்கித் தள்ளினார். கிளம்பவில்லை. மூடியைத் திறந்து பார்த்தார். கிண்ணத்தில் பெட்ரோல் அடியில் கிடந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மளமளவென்று ஏறி நிறைந்தது. மூடினார். தள்ளினார். ஓடியது.

"இதைத் தள்ளினதெண்டு கணக்கெடுக்கேலை" என்றார் கிராணி, முன்னால் பார்த்தபடி.

லகாட் தாண்டி, மெங்லெம்புவுக்குப் போகிற வழியில் மறுபடியும் நின்றது. பக்கத்து ஓடையில் தட்டு வைத்து ஈயமணல் அலசிக்கொண்டிருந்த சீனப் பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். வெள்ளை உடுப்புக்காரர் ஒருவர் மேலே உட்கார்ந்திருக்க, ஒரு ஆள் இருமிக்கொண்டே தள்ளுகிறார். அவர்களில் ஒருத்தி மலாயும் அரைகுறைத் தமிழுமாகக் கூவினாள்.

"தவுக்கே! கெர்பாவ் வாங்கு லா! கெர்பாவ் நிக்காது!"

முதலாளி எருமை மாடு வாங்கட்டும் என்கிறாள் என்பது கிராணிக்கு நன்றாக விளங்கியது. ஓடை முழுக்கச் சிரிப்பு. அவர் இறங்கிவிட்டார். காது சிவந்திருந்தது.

"போதும். திருப்பு வண்டியை. தோட்டம் மட்டும் தள்ளு."

"ஐயா..."

"நான் முந்தியே சொன்னனான். நீ கொட்டகைக்குப் போ. லாரிக்கு வேறை ஆளைப் பாப்பம்."

பத்துமலை வண்டியைத் திருப்பவில்லை. "ஒரே ஒரு தரம் பார்த்துக்கிறேங்க ஐயா" என்று குந்தி உட்கார்ந்து மூடியைத் திறந்தார். அதேபோல் அடியில் கிடந்த பெட்ரோல் மளமளவென்று ஏறியது. திறந்தால் வருகிறது. மூடினால் வரமாட்டேன் என்கிறது. அவர் கையிலிருந்த மூடியைத் திருப்பிப் பார்த்தார்.

வீட்டில் பால் டின்னைத் திறக்கும்போது கருப்பம்மாள் ஒரு ஓட்டையோடு விடமாட்டாள். ஒன்று பால் வருவதற்கு, எதிரில் ஒன்று காற்றுப் போவதற்கு. ஒன்றை விரலால் பொத்தினால் மற்றதில் பால் நின்றுபோகும். மூடியின் நடுவில் இருந்த பொடி ஓட்டை எதற்கென்று பத்துமலைக்கு அப்போது தெரிந்தது. அதன்மேல் அவர் வைத்த சந்தனம் எஞ்சின் சூட்டில் காய்ந்து, சுண்ணாம்பு பூசியதுபோல் இறுகியிருந்தது.

"அம்மா" என்றார்.

கிராணி ஓடைப் பக்கம் முதுகைக் காட்டி நின்றுகொண்டிருந்தார். துடைத்துவிட்டு மூடியிருந்தால் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் அம்மன் பேரைச் சொல்லி வைத்த பொட்டை வேட்டியில் துடைத்து மண்ணில் போட அவருக்குக் கை வரவில்லை. நகத்தால் மெல்லப் பெயர்த்தெடுத்து, எச்சில் படாமல் வியர்வையில் குழைத்துத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார். கிராணி திரும்பினார்.

"என்ன, நடுரோட்டிலை பொட்டு வைக்கிறாய்?"

"வண்டிக்கு வச்சதுதாங்க ஐயா. மூச்சு விடுற ஓட்டையில வச்சிட்டேன். அதான் நின்னு நின்னு போச்சு. தப்பு என்னோடதுதாங்க."

கிராணி குனிந்து மூடியைப் பார்த்தார்.

"அதுக்கும் வையெண்டு நான்தானே சொன்னனான். அப்ப பூசையிலை பிழையோ?"

"பூசையில பிழை இல்லீங்க ஐயா. நான் வச்ச எடந்தான் பிழை."

ஒரு முடி இருந்தால் நல்லது. கருப்பம்மாள் பக்கத்தில் இல்லை. பத்துமலை ஓட்டையில் வாய் வைத்து ஊதினார், இருமினார், மறுபடியும் ஊதினார். மூடியைப் போட்டுத் தள்ளினார். வண்டி கிளம்பியது. மெங்லெம்புவில் நிற்கவில்லை. ஈப்போவில் கிராணி வேண்டுமென்றே பாசார்க் கடைத்தெரு வழியாக ஒரு சுற்று சுற்றினார். திரும்பும்போது ஓடையருகே வேகத்தைக் குறைத்து ஹாரனை அமுக்கினார். பெண்கள் கையை ஆட்டினார்கள். தோட்டம் வந்து சேரும்வரை வண்டி நிற்கவேயில்லை.

கிராணி இறங்கி, வண்டியை நிறுத்திவிட்டு, வேலையைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். பத்துமலையும் கேட்கவில்லை. தள்ளியதென்னவோ உண்மைதான். திங்கட்கிழமை விடியலில் கொட்டகைக்குப் போய் நெருப்பு மூட்டினார். கருப்பம்மாள் மட்டும், "அந்த முடிக்காவது கூலி கெடைக்குமா?" என்று கேட்டாள்.

லாரி தைப்பூசம் கழிந்துதான் வந்தது. அன்று காலை கிராணி கொட்டகை வாசலில் நின்று, மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு, "பத்துமலை, வெளியிலை வா" என்றார். வந்தார். லாரியில் ஏறிய பத்துமலை திரும்பக் கொட்டகைக்குள் போகவில்லை.

சின்னையாவுக்கு மனசு கேட்கவில்லை. கிராணியிடமே போய், "தள்ளுனா கிடையாதுன்னீங்களே ஐயா?" என்று கேட்டான்.

"வேறை ஆர் இருக்கினம்? பொட்டு எங்கை வைக்கக்கூடாதெண்டு தெரிஞ்ச ஆள் இந்தத் தோட்டத்திலை அவன் ஒருத்தன்தான்" என்றார் கிராணி.

அந்த வருஷம் ஆயுத பூசைக்கு லாரியைக் கழுவி நிறுத்தியிருந்தார்கள். பத்துமலைக்கு இருமல் பாதி குறைந்திருந்தது. மீதி கடைசிவரை போகவில்லை. விளக்குக்கு, சக்கரத்துக்கு, ஸ்டீரிங்குக்கு என்று பொட்டு வைத்துக்கொண்டே வந்தவர், எஞ்சின் மூடியைத் திறந்து கார்புரேட்டரைக் கும்பிட்டார். அதற்கென்று எடுத்த சந்தனத்தைத் தன் நெற்றியில் வைத்துக்கொண்டார்.

"என்ன மச்சான், லாரிக்கு வைக்கிற பொட்டு ஒனக்கு எதுக்கு?" என்றான் சின்னையா.

"அது மூச்சு விடணும்டா. அது பங்கை நான் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு மூடியைச் சாத்தினார்.